மாலை வெயிலுக்கு ஏற்ற தகடு

எந்த நிறத்தையும் உச்சி வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சார். உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் சரி. சாயங்காலம் வரை பொறுத்திருந்து பாருங்கள்.

அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடத்துக்கு வெளிச்சுவர்த் தகடு தேர்ந்தெடுத்தபோதும் அப்படித்தான் செய்தேன். எங்கள் அலுவலக முற்றத்தில் ஒரு மாதிரிச் சுவர் உண்டு. கம்பெனிக்காரர்கள் தரும் தகடுகளை அதில் மாட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்ட பிறகுதான் பேசவே ஆரம்பிப்போம். மற்றதெல்லாம் வெளிறிப்போய் சோகை பிடித்தாற்போல் நின்றது. ஒன்று மட்டும் மாலை வெயில் பட்டதும் மாதுளைத் தோலின் நிறத்துக்கு வந்தது. வரைபடம் போட்ட நாளிலிருந்து என் கண்ணுக்குள் இருந்த நிறம் அது. மனசு நிறைந்துவிட்டது.

என் மனைவியின் தம்பி தீத்தடுப்புப் பொறியாளன். இந்த வேலைக்கு அவனைக் கூட்டிவந்ததே நான்தான். அவன் அந்தத் தகட்டில் ஒரு மூலையை வெட்டினான். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியம், நடுவே கறுப்புப் பிளாஸ்டிக். லைட்டரைக் காட்டினான். எரிந்துகொண்டே சொட்டியது.

"இது மெழுகுவத்தி, மாமா. உள்ள மனுஷங்க இருப்பாங்க."

"நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே. உங்க அக்கா சொல்றது சரிதான்."

"பயந்தாங்கொள்ளின்னே வச்சுக்கோங்க. தகட்டுக்கு ஒப்புதல் குடுக்கற மியூசியம் கமிட்டி முன்னாடி கொளுத்திக் காட்டறேன். அப்புறம் நீங்களே வேண்டாம்பீங்க."

தங்கமான பையன். ரசனைதான் மருந்துக்கும் கிடையாது.

தீப்பிடிக்காத தகட்டில் அதே நிறத்தை அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடித்துப் பார்க்காமல் இருப்பேனா? அறை விளக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மாலை வெயிலில் மட்டும் தீப்பிடிக்காத தகடு செத்துக் கிடந்தது. ஆகவே அதைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தவில்லை. கமிட்டியின் சோதனைக்குப் பயன்படுத்தினேன்.

தகட்டின் ஓரங்களை உள்ளே மடித்துவிட்டால் நடுவில் இருப்பது வெளியே தெரியாது. மைத்துனன் கொளுத்தினான். லேசாகக் கருகியது, அவ்வளவுதான். மறுபடியும் கொளுத்தினான். "தம்பி, வீட்ல அடுப்பாவது பத்தவைப்பீங்களா?" என்று கமிட்டித் தலைவர் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவம், அவன் முகம் தொங்கிப்போயிற்று. முற்றத்தில் அவன் வெட்டியது பழைய சரக்கு, கம்பெனி மாற்றிக் கொடுத்துவிட்டது என்றேன். மாமா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை.

அதன்பிறகு அவனே கட்டடத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தான். தீ என்றால் அடித்துப்பிடித்துப் படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள், சுவர் எரியாது என்று. எரியாத சுவருக்கு அது சரியான யோசனைதான்.

தீப்பிடித்த அன்று அவன் மேல்மாடியில், பழைய ஓவியங்களைச் சீர்செய்கிறவர்களோடு இருந்தான். எனக்குப் போன் செய்தான்.

"மாமா, கீழ வெல்டிங் பொறி பட்டு வெளிப்பக்கம் புகையுதாம். எல்லாரையும் இங்கயே உக்கார வச்சிருக்கேன். சுவர் தாங்கும்ல?"

"தாங்கும்" என்றேன்.

அந்த நேரத்தில் படிக்கட்டில் புகை ஏறியிருக்கவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பான். போனில் சொல்லி விளங்கவைக்கிற விஷயமா அது? அந்த மாடியிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை.

என் மனைவி இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "சோதனை அன்னிக்கு அவன் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டானாமே. நீங்க என்ன சொன்னீங்க?"

உண்மைதான். நாலு பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்கப் பார்த்தேனே மாமா என்று, படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். அங்கேயே மன்னித்துவிட்டேன், சார். எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.