பாதிப்பு என்ற கட்டம்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். என் கணவர் லெனர்ட் போன பிறகு ஆறு வருடமாக நான் தனியாகத்தான் மடிக்கிறேன். மோவாயில் ஒரு நுனியை இடுக்கிக்கொண்டால் போதும், இன்ஸ்பெக்டர். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்து டெஸ்மண்ட் மோசமானவன் என்று நான் சொல்லமாட்டேன். இலையுதிர் காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும்தான் தோட்டத்துக் குப்பையைக் கொளுத்துகிறார்கள். ஆனால் காயவிட்டு, சாயங்காலமாகக் கொளுத்துவார்கள். லங்காஷயரில், இங்கிலாந்தின் இந்த வடக்கு மூலையில், துணி காய்கிற மாதிரி வெயில் வருவதே அபூர்வம். இவன் அந்த வெயிலுக்காக, என் கொடியில் துணி ஏறும்வரை காத்திருப்பான். ஈர இலை, வேலியில் வெட்டிய தழை, பிய்ந்த ரப்பர் பூட்ஸ். கேட்கப் போனால் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு இளிப்பான்.

"உங்க வீட்டுக்குப் போன்னு புகைகிட்ட நானா சொன்னேன்? காத்தோட போய்ச் சண்டை போடுங்க, பெரிலம்மா."

நுரையீரல் நோயோடு லெனர்ட் படுத்திருந்த கடைசிச் செப்டம்பரில், ஒரு நாள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஆப்பிள் மரத்தைப் பார்க்க வேண்டுமாம். திறந்தேன். டெஸ்மண்ட் பழைய கம்பளம் ஒன்றைக் கொளுத்தியிருந்தான். மூடச் சொல்லக்கூட லெனர்டுக்கு மூச்சில்லை, கையைத்தான் அசைத்தார். அன்றிலிருந்து அந்த ஆளை எனக்குக் கண்டாலே ஆகாது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நகராட்சியில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அச்சடித்த தாள்கள் கொடுத்தாள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசிக் கட்டத்தில், உங்களுக்கு என்ன பாதிப்பு. "நீங்களாப் போய் எதுவும் பண்ணிடாதீங்க, மேடம். பாத்ததை மட்டும் அப்படியே எழுதுங்க" என்றாள். எழுதினேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன திங்கட்கிழமை இரண்டு பத்துக்கு டெஸ்மண்ட் பற்றவைத்தான். நான் ரப்பர் குழாயைப் பிடித்துக் குப்பைத்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு இருபத்தைந்துக்கு ஈர இலையில் வழுக்கி அந்தக் குவியல்மேலேயே விழுந்தான். கால் ஒரு கட்டைக்கடியில் மாட்டிக்கொண்டது. கம்பளிச் சட்டையின் கைப்பகுதி பற்றிக்கொண்டது. வேலி இடுக்கு வழியே என்னைப் பார்த்தான்.

"பெரில், தண்ணிய இந்தப் பக்கம் திருப்பு. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன், பெரில்."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் நக்கல் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன். பிறகு, புகை நாற்றம் ஏறிவிடக்கூடாதே என்று கொடியிலிருந்து துணியை எடுத்தேன். விரிப்பு இரண்டு, தலையணை உறை நான்கு. நுனியோடு நுனி சேர்த்து மடித்தேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டாவது விரிப்பை மடிக்கும்போது நிறுத்திவிட்டான்.

அதற்கப்புறம் உள்ளே போய்த் தாளை எடுத்து எழுதினேன். உங்கள் மேசையில் இருப்பது அதுதான். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். துணியைக் காப்பாற்றினேன், வேறொன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தையும் படியுங்கள். அன்று காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது, என் தோட்டத்துக்குப் புகையே வரவில்லை. நான் பொய் எழுதுகிறவள் இல்லை. பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.