பாடத்துக்குள் விழுந்த 'உம்'

விஜயநகர் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலேஜுக்குப் பாடமா நான் பேசிக் குடுத்த வீடியோவுல என்னை விட நீதான் ஜாஸ்தி பேசியிருக்கியாம்," என்றார் அவர்.

"நானுங்களா? கேமராவுக்குப் பின்னாடி வாயே தொறக்காம உக்காந்திருந்தேனே!"

"உக்காந்து உம் கொட்டியிருக்க. பாய்லரைப் பத்தி நான் ஒரு வரி சொன்னா நீ ஒரு 'உம்'. அத்தனையும் மைக்குல விழுந்திருக்கு."

"ஆளில்லாத ரூம்ல பேச வரலைன்னு நீங்கதானுங்க என்னைக் கூட்டிட்டுப் போனீங்க."

"ஹௌது, ஆமா. உன்னை வெளிய அனுப்பிட்டு மறுபடி எடுத்தாங்களே, அதுல ரெண்டாவது வரியிலயே நின்னுட்டேன். அதனால உன்னோட 'உம்'மையும் சேத்தேதான் பசங்களுக்குப் போடப் போறாங்களாம்."

"அய்யோ, மானம் போச்சு!" அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போனா போகட்டும் விடு. நஞ்சன்கூடு ஃபேக்டரியில ரிட்டயர் ஆகுற வரைக்கும் கத்துனேன், ஒருத்தனும் இப்படிக் கேட்டதில்ல. பாய்லர் ஏன் வெடிக்குதுன்னு இப்ப உனக்கே தெரியும்."

"எனக்கு ஒரு எழுத்தும் புரியலைங்க."

அவர் முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "பின்ன எதுக்கு அத்தனை உம் கொட்டுன?"

"நான் நிறுத்தினா நீங்களும் நிறுத்திருவீங்களே."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உம்," என்றார்.