பதினொன்றாவது தட்டு

என் மாமியார் நன்றாக சூப் வைப்பார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது.

ஈஸ்டருக்கு மூன்று நாள் தங்கிப் போக வந்தார். மறுநாளே பனி கொட்டித் தீர்த்தது, மலைப்பாதையை மூடிவிட்டார்கள். மூடச் சொன்னதும் நான்தான். எங்கள் பள்ளத்தாக்குக்குப் பனி பார்க்கிறவன் நான். தினமும் காலையில் சரிவில் குழி தோண்டி, பனியைத் தூண்போல வெட்டி, அதன் தலையில் பனி அள்ளும் வாரியை வைத்துத் தட்டுவேன். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து. எத்தனையாவது தட்டில் தூண் சரிகிறது என்று பார்த்து (சீக்கிரம் சரிந்தால் அபாயம் அதிகம்), அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் அனுப்புவேன். இரண்டு என்றால் பஸ் ஓடும். நான்கு என்றால் ஓடாது.

பத்தொன்பது நாள் நான்குதான் அனுப்பினேன். பத்தொன்பது நாளும் நேர்மையாக இருந்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குள் என் மாமியார் மெங்கியா அம்மாள் என் அலமாரியை மாற்றி அடுக்கினார். என் மீசையைப் பற்றி என் மனைவி செரைனாவிடம் அபிப்பிராயம் சொன்னார். சீட்டில் ஒரு நாள்கூட என்னை ஜெயிக்க விடவில்லை. பிறகு பொழுது போகவில்லை என்று குழிக்கே வர ஆரம்பித்தார். ஓரமாக நின்று என் தட்டுகளை உரக்க எண்ணுவார்.

"பாத்துத் தட்டுங்க மாப்ளே, மாவா பிசையறீங்க?" என்பார். நான் முப்பது வருடமாகத் தட்டுகிறவன்.

இருபதாம் நாளுக்கு முந்தின இரவு முழுக்க மேகம். பனி உறையவே இல்லை. காலையிலேயே கால் முழங்கால்வரை கஞ்சியில் புதைவதுபோல் புதைந்தது. தூண் வழுக்கி என் பூட்ஸ்மேல் விழுந்தது. "பதினொண்ணு," என்றார் மாமியார். நான் இருபத்தெட்டு என்று எழுதி, இரண்டு என்று அனுப்பினேன். பக்கத்தில் ஒருவர் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கணக்கு தப்பாது?

பாதை திறந்த செய்தி வந்ததும் மாமியார் புருவத்தைத் தூக்கினார். பனி பார்க்கிறவருக்குத் தெரியாததா என்று பெட்டியைக் கட்டினார். பத்து மணிக்கு பஸ். ரயில் நிலையம்வரை கூடப் போகிறேன் என்றாள் செரைனா. எனக்கு இடுப்பு வலிக்கிறது, நீ இரு என்றேன். பிறகு ஓட்டுநர் ஃப்ளூரினிடம் போய், குளிர்காலம் முழுக்க அவனுக்கு இரவல் கொடுத்திருந்த என் பிளாஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜன்னலோரம் இருந்த மாமியார் அதைப் பார்த்தார். இறங்கி வந்து, பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நேரமாச்சு, எந்திரிங்கம்மா," என்றான் ஃப்ளூரின்.

"எங்க மாப்ள பிளாஸ்க்க வாங்கிட்டுப் போறாரு, தம்பி. இந்த பஸ் எங்கயும் போவாது."

அரைமணி நேரத்தில் மேற்குச் சரிவு மொத்தமும் இறங்கி, நானூறு மீட்டருக்குப் பாதையை மூடியது. பஸ்ஸில் ஏறியிருந்த ஆறு பேரும் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் என் வேலையில் தலையிட்டதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

இனி மே கடைசியில்தான் பாதை திறக்குமாம். நீங்கள் வந்த ஹெலிகாப்டரில் ஓர் இடம் காலியாக இருந்தால், அவரை ஏற்றினாலும் சரி, என்னை ஏற்றினாலும் சரி.

எண்ணை மாற்றியதை ஒப்புக்கொள்கிறேன். சரிவு இறங்கும் என்று தெரிந்தே அனுப்பினேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பிளாஸ்க்கா? அது நல்ல பிளாஸ்க், ஐயா. அநியாயமாகப் போயிருக்கும்.