ஒத்தைப் பங்கு

— இல்ல சார், ஒரே ஒரு பங்கு இருந்தாலும் பொதுக்கூட்டத்துல பேசலாம். பேசப் பேரு குடுத்த எல்லாருக்கும் முன்னாடியே போன் பண்ணி விவரம் கேட்டுக்குவோம். தேவாரம் ஊரு அழகுமலைதானே நீங்க?

— ஆமாம்மா. கம்பெனி ஆபீஸ்ல இருந்தா பேசுறீக? சென்னையா?

— ஆமா சார். செக்ரட்டரி டிபார்ட்மென்ட்.

— உங்க பேரு?

— பேரு... பேரு எதுக்கு சார். வர்ற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். வீட்டுல இருந்தே வீடியோவுல பேசலாம். உங்களுக்கு மூணு நிமிஷம்.

— மூணு நிமிசமா! நேத்துப் பூரா நான் பேசுனது பஸ் கண்டக்டர்கிட்ட மட்டுந்தேன். 'உத்தமபாளையம் ஒண்ணு'ன்னேன். அம்புட்டுத்தேன் பேச்சு.

— ...வீடியோ போட்டுக் குடுக்க வீட்டுல யாராவது...

— யாருமில்ல. சம்சாரம் போயிப் பன்னெண்டு வருசமாச்சு.

— தெரி... தெரியாமக் கேட்டுட்டேன் சார்.

— அதனால என்ன. உத்தமபாளையத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்க ஸ்டான்லிதேன் இந்தப் பங்கை வாங்கிக் குடுத்தாப்ல. அங்கன போயி உக்காந்து பேசிருவேன்.

— ஏன் சார் ஒண்ணே ஒண்ணு வாங்குனீங்க?

— கூட்டத்துல பேச ஒண்ணு போதும்னு சொன்னாக. எனக்கு ஒரு சந்தேகம்மா. கேக்கலாமா?

— கேளுங்க.

— எங்க கூட்டுக் கிணத்துல எனக்கு எட்டுல ஒரு பங்கு. என் முறை வந்தா அன்னைக்கு மோட்டார் எனக்கு. கம்பெனியில என் முறை என்னைக்கு வரும்?

— அய்யோ... அப்படி முறையெல்லாம் கிடையாது சார்.

— சிரிச்சீகளா?

— இல்ல சார், மன்னிச்சிருங்க...

— அட, சிரிங்க. நல்லாத்தேன் இருக்கு கேக்க.

— ...சொல்றேன். கம்பெனி கோடிக்கணக்கான பங்காப் பிரிஞ்சு கிடக்கு. அதுல ஒண்ணு உங்களுது. லாபத்தைப் பிரிச்சுக் குடுத்தா உங்களுக்கும் ஒரு துளி வரும். ஓட்டு உண்டு. கேள்வி கேக்கலாம். கம்பெனி நொடிச்சுப் போனா நீங்க போட்ட காசு போகும். ஆனா கம்பெனிக் கடன் உங்க தலையில விழாது.

— பரவாயில்லையே! கிணறு வத்துனா ஆழப்படுத்த நாங்க எட்டுப் பேருமுல்ல காசு போடணும். அப்ப நீங்க உக்காந்திருக்க சேருலயும் எனக்கு ஒரு ஆணியளவு பாத்தியதை இருக்கு?

— சேரு கம்பெனியோடது சார். நீங்க கம்பெனியில பங்குதாரர். அதுக்காக வந்து சேரைத் தூக்கிட்டுப் போக முடியாது.

— தூக்க வரல தாயி. அதுல உக்காந்திருக்கவுக நல்லா இருக்காகளான்னு கேக்கலாம்ல?

— ...கூட்டத்துல என்ன கேக்கப் போறீங்கன்னு நான் எழுதிக்கணும் சார்.

— எழுதிக்கங்க. வேலை பாக்குற பிள்ளைகளுக்கு ஊருக்குப் போக லீவு விடுறீகளா?

— லீவு... இருக்கு சார். போறதும் போகாததும் அவங்கவங்க பாடு.

— அப்பன்காரன் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லியிருந்தா?

— அப்ப லீவு போட்டுட்டு எங்க சார் போறது?

— அது கோவத்துல சொன்னதும்மா. ஆறு வருசமா அந்தக் கோவத்தை எதுக்க வச்சுக்கிட்டு ஒத்தையில சோறு திங்கிறான். தப்புன்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. யார்கிட்டச் சொல்றதுன்னுதேன் தெரியல.

— இதைக் கூட்டத்துல கேக்க முடியாது சார். அஜெண்டாவுல இல்ல.

— மேடையில உக்காந்திருக்க பெரியவுக பதில் சொல்ல மாட்டாகளா?

— அவங்களுக்குப் பதில் தெரியாது.

— தெரிஞ்சவுக யாரு?

— ...

— லைன்ல இருக்கீகளா?

— இங்கனதான்... இங்கதான் இருக்கேன் சார்.

— குரல் கம்முதே.

— ஏசி சார்.

— ஏசியைக் கொறைக்கச் சொல்லுங்க. பங்குதாரர் சொன்னாருன்னு சொல்லுங்க.

— ...சரி சார். கடைசியா ஒண்ணு. உங்களுக்கு அப்புறம் இந்தப் பங்கு யாருக்குப் போகணும்னு நாமினி பேரு கேட்டிருப்பாங்க. லிஸ்ட்ல கயல்னு இருக்கு. உறவுமுறைங்கிற இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல.

— ஸ்டான்லியும் கேட்டாப்ல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு எழுதன்னு விட்டுட்டேன்.

— காலியா விடக்கூடாது சார்.

— அப்ப நீங்களே பாத்து என்ன தோணுதோ போட்டுக்கங்கம்மா. அப்படியே விட்டாலும்... சரிதேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— ...மகள்னு போட்டுக்கிறேன்ப்பா.