மக்கர் செய்த பிரிண்டர்

கணினியில் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புதிதாக மாறுகிறவர்கள் முதலில் திட்டுவது பிரிண்டரைத்தான். அதனால் அது மக்கர் செய்தால் யாரும் மனிதர்களைச் சந்தேகப்படுவதில்லை. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

மராத்தி ஊரான நிக்டியில் எங்கள் வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் போட்டது நான்தான். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் எனக்கு அதுதானே பிழைப்பு. என் மனைவி ஸ்ரீவித்யாவுக்குச் சாதாரணக் கணக்கு, எனக்கு எதையும் மாற்றக்கூடிய அட்மின் கணக்கு. அவளுடைய பாஸ்வேர்டுகளும் என்னிடம்தான். வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டுமே. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகாதே என்று பாடம் எடுத்தேன். இங்கே போபோடிப் பக்கம் ஒரு பெண்ணின் ஆதாரை அப்படித்தான் திருடினார்கள் என்றும் சொல்லிவைத்தேன். அப்படி ஒரு பெண் கிடையாது. ஆனால் பாடம் நன்றாகப் பதிந்தது.

ஜூனில் கோவைக் கல்லூரி ஒன்று அவளுக்கு வேலை தந்தது. ஆறு வருடமாக விண்ணப்பித்துக் கிடைத்த முதல் வேலை. நியமனக் கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அன்று பாடிக்கொண்டே தோசை சுட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. போனால் திரும்பி வரமாட்டாள்.

மறுநாள் ஆபீஸ் காரில், டிராஃபிக்கில் நின்றபடியே, போனிலிருந்து வீட்டுக் கணினிக்குள் போய் ஒரு வரிக் கட்டளை தட்டினேன். பிரிண்டர் படுத்துவிட்டது. சற்று நேரத்தில் அவள் போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, பேப்பர் வரவே மாட்டேங்குதுங்க. கீழ ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வந்துரட்டுங்களா?"

"போபோடி விஷயம் மறந்துருச்சா? சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்."

வந்து பார்த்தேன். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்தேன், போட்டேன், மறுபடி எடுத்தேன். கேபிளைக்கூடத் துடைத்தேன். மூன்று நாள் இப்படியே ஓட்டினேன்.

வியாழக்கிழமை மதியம் அவளுடைய மெயில் வேறு கணினியில் திறக்கப்பட்டதாக எனக்கு எச்சரிக்கை வந்தது. அந்த ஏற்பாடும் என்னுடையதுதான். எதிர்வீட்டு ராஜஸ்ரீயிடம் போய் அச்செடுத்திருக்கிறாள். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்குள் அவள் மெயிலிலிருந்தே கல்லூரிக்கு எழுதிவிட்டேன். குடும்பச் சூழ்நிலையால் சேர இயலவில்லை, மன்னிக்கவும். மரியாதையான கடிதம்தான். அனுப்பிய சுவட்டையும் அழித்தேன்.

மறுநாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. நீங்களே மறுத்துவிட்டதால் வேறொருவரை எடுத்துவிட்டோம் என்றார்கள்.

"நான் எழுதலைங்க. சத்தியமா நான் எழுதலைங்க" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

"யாரோ உள்ள பூந்துட்டாங்க வித்யா. அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல மெயிலத் தொறந்தா இப்படித்தான் ஆகும்."

ராஜஸ்ரீயோடு இப்போது அவள் பேசுவதில்லை. பாஸ்வேர்டுகளை எல்லாம் அன்றே மாற்றினேன். புதியவை தனக்குத் தெரியவே வேண்டாம் என்று அவளே கைகூப்பிச் சொல்லிவிட்டாள். இனி அவளை யாராலும் ஏமாற்ற முடியாது. நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன்.