முன்வரிசை நடு சைக்கிள்

சைக்கிள் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இருக்கையின் உயரம், ஐயா. பக்கத்தில் நின்றால் அது இடுப்பெலும்புக்கு நேராக இருக்க வேண்டும். தாழ்ந்தால் முழங்கால் போய்விடும். ஈபியெரேவுக்கு அதைச் சரிசெய்து கொடுத்ததே நான்தான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

லாகோஸில் எங்கள் லெக்கிப் பகுதி வகுப்பு மாதிரி இன்னொன்று கிடையாது. அறை நிறையச் சைக்கிள்கள், ஒன்றுகூட ஓரடி நகராது. ஆனால் கோச் ஒசாஸ் பாட்டைப் போட்டுவிட்டால் நாங்கள் மலையேறிக்கொண்டிருப்போம். வேர்வையும் சிரிப்புமாக ஒரே கும்மாளம். யாராவது கையைத் தூக்கினால், 'இந்த ஏற்றம் எனக்குப் போதாது, இன்னும் கொடு' என்று பொருள். உடனே அறையே அவர் பேரைச் சொல்லிக் கூவும். கோச் ஓடிவந்து அவர் சைக்கிளின் திருகை இறுக்குவார், பெடல் கல்லாகிவிடும். அங்கே அதிகம் கை தூக்குகிறவள் நான். முன்வரிசை நடு சைக்கிள் எனக்குத்தான். என்னைத் 'தலைவி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஈபியெரே எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த சின்னப் பெண். அவள் வந்த முதல் நாளே கோச் என்னிடம், "தலைவி, புதுப் பொண்ணு என் கண்ணு முன்னாடி இருக்கட்டும். இன்னைக்கு நீங்க பின்னாடி போங்களேன்" என்றார்.

பின்வரிசையில் யாரோ, "தலைவி பதவி பறிபோச்சு டோய்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைப்பதற்கில்லை.

குனிந்து அவள் காலணிகளைப் பெடலில் மாட்டிவிட்டேன். 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதைச் சொல்ல நேரமிருந்தது, சொல்லவில்லை. அப்போது அவள் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு இதயத்துல ஆபரேஷன் ஆகியிருக்கு. டாக்டர் மெதுவா மிதிக்கலாம்னாரு. முடியலன்னா எப்படி நிறுத்துறது?"

"சத்தியமா சொல்ல மாட்டேன். கையைத் தூக்கு கண்ணு. கோச் ஓடி வந்துருவாரு," என்றேன்.

கோச் ஓடிவந்தார். அதில் பொய்யில்லை.

மூன்றாவது பாட்டில் அவள் கையைத் தூக்கினாள். புதிதாக வந்தவள், முதல் நாளே ஏற்றம் கேட்கிறாள். அறையே ஆடிப்போய்விட்டது. "ஈபியெரே, ஈபியெரே" என்று கூவினோம். "பாருங்கய்யா, பொண்ணுன்னா இவதான்" என்று கோச் திருகை இறுக்கினார். அவள் ஏதோ சொன்னாள். அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். அப்படி அதுவரை யாரும் தூக்கியதில்லை, ஐயா. விசில் பறந்தது. கோச் மறுபடி இறுக்கினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. நாங்கள் அதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. ஜெனரேட்டர் வரும்வரை விட்ட இடத்திலிருந்து பாட்டை நாங்களே பாடிக்கொண்டு மிதிப்போம். அன்றும் இருட்டில் அவள் பேரைப் பாட்டுக்குள் நுழைத்துப் பாடினோம். அப்படி ஒரு குஷி அந்த அறையில் எப்போதும் வந்ததில்லை.

வெளிச்சம் வந்தபோது அவள் கைப்பிடிமேல் தலை கவிழ்ந்திருந்தாள். "முடிச்சுட்டு ஜெபம் பண்ணுது பாருங்க," என்றார் கோச். எல்லோரும் கைதட்டினார்கள். ஓயாமல் தட்டினார்கள். கோச் அவள் தோளைத் தொட்ட பிறகுதான் நின்றது. பதற்றத்தில் காலணியைக் கழற்ற முடியாமல் அவர்கள் தவித்தபோது, குதிகாலைத் திருப்பிக் கழற்றிவிட்டதும் நான்தான்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். கையைத் தூக்கினால் இறுக்குவார்கள் என்று தெரியும். அவள் இதயம் தாங்காது என்றும் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தேன். அவளைக் கொன்றது நான். ஆனால் அவள் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

இப்போது வகுப்பில் 'இரண்டு கை தூக்கியவள்' என்று அவளைப் பற்றித்தான் பேச்சு. என்னைத் தலைவி என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. எனக்கு நடந்த இந்த அநியாயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.