துணியோட அடி

இல்லக்கா, நீங்க உக்காருங்க, இந்த ரூம் சேத்தையும் நானே அள்ளிடறேன். தனியாளா கிடந்து அல்லாடுறீங்க. யாரு எவருன்னே தெரியாதவ வந்து வேலை செய்றாளேன்னு பாக்குறீங்க. செஞ்சுட்டுப் போறேன் விடுங்க.

ஐயோ, தையல் மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டுராதீங்க. மோட்டாருக்குள்ள சேறு போயிருக்கும், காயட்டும். அதென்ன மூட்டை, பள்ளிக்கூட யூனிஃபார்மா? அத்தனையுமா? திங்கக்கிழமை குடுக்கணுமா? கடவுளே. இந்த மெஷினை நம்பித்தான உங்க பொழைப்பே.

மழையைத் திட்டாதீங்கக்கா. மழை எப்பவும் பெய்யறதுதான். மேட்டுல பில்டிங் கட்ட மண்ணைத் தோண்டிக் குவிச்சிருக்காங்கல்ல, அதுதான் இறங்கி வந்து உங்க வீட்டுல படுத்திருக்கு. தடுக்கத்தான் ஓரமா நீளத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கு. ஆமா, இன்னமும் நிக்குது, கிழியவே இல்ல. அதான் கூத்து. அந்தத் துணியோட அடியை ஒரு சாண் ஆழம் மண்ணுல புதைக்கணும். புதைக்கலைன்னா தண்ணி அடியில பூந்து மண்ணையும் வாரிக்கிட்டு வந்துரும். மேல சட்டை மாட்டிக்கிட்டுக் கீழ ஒண்ணும் கட்டாம நிக்கிறாப்புல நிக்குது. சிரிக்காதீங்கக்கா, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு.

எனக்கு எப்படித் தெரியுமா? வீட்டுல பேசிக் கேட்டதுதான்.

யாருக்கு டீ? வாசல்ல சாக்கடை அடைப்பை எடுத்துட்டிருக்காரே, அவருக்கா? வேணாங்கா, குடிக்க மாட்டாரு. வாய்க்கு வாய் தங்கமான மனுஷன்னு சொல்றீங்க. நீங்க சொல்லச் சொல்ல அவரு தலை இன்னும் கீழ போகுது, பாத்தீங்களா? உள்ள கூப்பிட்டாலும் வரமாட்டாரு. மேட்டுல அந்தத் துணியைக் கட்டவச்ச சூப்பர்வைசரு அவருதான். என் வீட்டுக்காரரு.

அவரை மட்டும் திட்டாதீங்கக்கா. அந்தத் துணி கட்டின அன்னைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பணும்னு போனுக்கு மேல போன் போட்டேன். இரு, அடியைப் புதைக்கச் சொல்லிட்டு வந்துடறேன்னுதான் சொன்னாரு. துணி நிக்குதுல்ல, அது போதாதா, அடியை யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க, வாங்கன்னேன். வந்துட்டாரு.

கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்கக்கா. கட்டிலுக்கு அடியில நிறைய கிடக்கு. குனிஞ்சுதான் அள்ளணும்.